சோபாவில் ரெண்டு குழி

குஷன்காரர்: …குழி ஒண்ணு இல்ல சார், ரெண்டு.

மேனேஜர்: ஒரே ஆளு புரண்டு படுத்தா ரெண்டு குழி விழாதா?

குஷன்காரர்: உங்க வாட்ச்மேன் என்ன எருமையா சார், இப்படிப் புரள?

ரிசப்ஷன்: அவர் ஒல்லி, அண்ணே. காத்தடிச்சா கேட்டோட சேர்ந்து ஆடுவார்.

மேனேஜர்: உன்னை யாரும்மா கேட்டா? லெட்டர் அடிச்சாச்சா?

ரிசப்ஷன்: அடிச்சுக்கிட்டே இருக்கேன் சார்…

மேனேஜர்: நாலு வரி. காலையில இருந்து அடிக்கிற.

ரிசப்ஷன்: 'வேலையை விட்டு நீக்கப்படுகிறார்'னு வர்ற இடத்துல கை நின்னு போகுது சார்.

குஷன்காரர்: சோபா தொங்கினதுக்கா ஒரு மனுஷன் சோத்துல மண்ணு?

மேனேஜர்: சாதாரண சோபாவாய்யா இது? அறுபது வருஷத்துக்கு முந்தின டிசைன். மெலிசா தேக்குக் கால், தாழ்வா முதுகு, பொத்தான் தைச்ச மெத்தை. முதலாளி தேடி அலைஞ்சு வாங்கினது. வீட்டுக்கு ஒண்ணு, ஆபீஸுக்கு ஒண்ணு. வீட்டுல இருக்கிறது புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பா இருக்கு. இது எட்டே மாசத்துல…

குஷன்காரர்: மாமனார் ஆயிடுச்சு.

மேனேஜர்: சிரிக்காதய்யா. இன்னிக்கு அவர் வந்து யார்னு கேப்பார். 'விருந்தாளிக்கு மட்டும்'னு எழுதி ஒட்டியிருக்கு. நாங்க யாரும் தொடுறதில்ல. பகல் பூரா கேட்டுல நிக்கிறவன் கால் வலிச்சா எங்க போவான்? இங்கதான்.

ரிசப்ஷன்: நீங்க பாத்தீங்களா சார்?

மேனேஜர்: நீ பாத்தியா?

ரிசப்ஷன்: …இல்ல.

குஷன்காரர்: மெத்தையைத் தாங்குற அடிப்பட்டையைப் பாத்தா தெரிஞ்சுடும். நான் கீழ படுக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் மேல உக்காருங்க.

மேனேஜர்: இதுலயா? எனக்குப் பழக்கமில்லையே…

ரிசப்ஷன்: எனக்கும் கூச்சமா இருக்கு, அண்ணே.

குஷன்காரர்: எடை விழுந்தாத்தான் ரப்பர் பட்டை வாயைத் திறக்கும். உக்காருங்க. …என்ன தங்கச்சி, பாக்காமலே நேரா குழியில போய் உக்காந்துட்டீங்க?

ரிசப்ஷன்: அதுவா இழுக்குது, அண்ணே.

குஷன்காரர்: சாருக்கும் அந்தக் குழி அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு.

மேனேஜர்: வேலையைப் பாருய்யா. எவ்வளவு நேரம்?

குஷன்காரர்: இருங்க… இன்னும் கொஞ்சம்…

கதவு: டொக். டொக். டொக்.

குஷன்காரர்: அட, ரெண்டு பக்கப் பட்டையும் ஒரே நேரத்துல மேல ஏறிடுச்சே. கதவு தட்டினா 'உள்ள வாங்க'ன்னு சொல்றதுதான் வழக்கம். நீங்க ஏன் ரெண்டு பேரும் துள்ளி எழுந்து தலையைக் கோதுறீங்க?

மேனேஜர்: முதலாளி வர்றார்யா. …ஏம்மா, நீ ஏன் எழுந்த?

ரிசப்ஷன்: நீங்க ஏன் சார் எழுந்தீங்க?

மேனேஜர்: முதல்ல நீ சொல்லும்மா.

ரிசப்ஷன்: …சாப்பாட்டு நேரத்துல ஒரு அரை மணி சார். ரெண்டு பஸ் மாறி வர்றேன். கண்ணு தானா சொருகுது.

மேனேஜர்: நான் மூணு மணிக்கு. ஃபைல் பாக்கிறேன்னு கதவைச் சாத்திட்டு… அப்பப்போ கேக்குற அந்த டொக் டொக் சத்தம் குழாயில காத்து அடைக்கிறதுன்னு நினைச்சேன்மா. அது கேட்டா ரெண்டே நிமிஷத்துல முதலாளி வந்து நிப்பார். ஏதோ நமக்கு நல்ல சகுனம்னு…

ரிசப்ஷன்: அந்தச் சகுனம் காக்கிச் சட்டை போட்டிருக்கு சார். முதலாளி வண்டி தெரு முனையில திரும்பினதும் ஓடி வந்து தட்டுறது வாட்ச்மேன் அண்ணன்தான். எனக்கு மட்டும்தான் தட்டுறார்னு நினைச்சிருந்தேன்.

மேனேஜர்: இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே அவன்… அந்த லெட்டரைக் கொடு.

ரிசப்ஷன்: கையெழுத்துப் போடவா?

மேனேஜர்: கிழிக்க.

ரிசப்ஷன்: கிழிக்க ஒண்ணும் இல்ல சார். தேதியைத் தாண்டி ஒரு எழுத்து அடிக்கல.

மேனேஜர்: உருப்படியா ஒரு வேலை செஞ்சிருக்க. சரி, மெத்தையை நீவி விடு. முதலாளி ஏறி வந்துடுவார்.

குஷன்காரர்: வர மாட்டார், நிதானமா உக்காருங்க.

மேனேஜர்: மூணு தட்டு கேட்டுச்சேய்யா?

குஷன்காரர்: தட்டினது உங்க வாட்ச்மேன்தான் சார், என் கூடப்பிறந்த தங்கச்சி புருஷன். நான் சோபாவுக்கு அடியில போனதும் தட்டுங்கன்னு காலையிலயே சொல்லி வச்சேன். …மாப்ள, உள்ள வாங்க. ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டாங்க.