நான்காம் வளைவில் ஜலால் எடுத்த ஒன்பது வினாடி

தலைமை தாங்கும் நண்பர் சம்பத் அவர்களே, மேடையில் இருக்கும் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜலாலின் துணைவியார் சித்திகா அவர்களே, மகள் நிகத், பல்லாவரத்திலிருந்தும் ஊரப்பாக்கத்திலிருந்தும் காட்டாங்குளத்தூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை வேலைகளை விட்டுவிட்டு வந்திருக்கும் வேக ரசிகர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தச் சத்தியநாதனின் வணக்கம்.

உட்கார்ந்தே பேசலாம் என்று சம்பத் சொன்னார். எனக்கு வயது அறுபத்து மூன்று, முழங்கால் சரியில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இன்று என்னால் உட்கார முடியவில்லை. இந்த மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, வாசலுக்கும் மேடைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இப்போதும் கால் நிற்க மாட்டேன் என்கிறது. நடுநடுவே மைக்கை விட்டு நகர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜலால் யார்? மேற்குத் தாம்பரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர் என்பார்கள் பாதிப் பேர். சோழவரத்தில் பழைய விமானத் தளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்து, தோளில் கேமராவோடு போகாத பந்தயமே இல்லாதவர் என்பார்கள் மீதிப் பேர். இரண்டும் உண்மை. ஆனால் இந்தச் சங்கத்துக்கு அவர் யார்? பதினைந்து வருடத்துக்கு முன்னால், அவருடைய கடையின் பின்னறையில், ஒரு பழைய டிவியும் ஒரு வீடியோ டெக்கும் ஆறு மடக்கு நாற்காலியும் போட்டுத் தொடங்கியதுதான் நம்முடைய வேக ரசிகர் சங்கம். வெளிநாட்டுப் பந்தயக் கேசட்டை எங்கிருந்தோ வாங்கி வந்து போடுவார். நாமெல்லாம் யார் முதலில் வருகிறான் என்று பார்ப்போம். அவர் எதைப் பார்ப்பார்? பிரேக்கைப் பார்ப்பார்.

“நேர் ரோட்டுல எல்லா வண்டியும் ஒண்ணுதான் சார்” என்பார். “காலை அமுக்கினா ஓடிடும். வளைவுக்கு முன்னால எந்த இடத்துல பிரேக் போடறான்னு பாருங்க. அங்கதான் ஆளு தெரியும்.”

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விழாவுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது நினைவிருக்கிறதா? மாணவர்கள் அதன் மேல் சாய்ந்தும் கட்டிப்பிடித்தும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் கலையும் வரைக்கும் ஜலால் காத்திருந்தார். பிறகு தரையில் குப்புறப் படுத்து, முன் சக்கரத்துக்குள் தெரிந்த பிரேக் தட்டை நான்கு நிமிடம் எடுத்தார். சூடான இரும்பு ஆறும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம். நிகத் அதை இணையத்தில் ஏற்றினாள். அந்த நான்கு நிமிடத்தைப் பார்த்துவிட்டு பிரேசிலிலிருந்து ஒருவர், இந்தக் கேமராக்காரர் யார் என்று கேட்டு எழுதினார். தாம்பரத்தில் இருந்த நாம் அவரைப் பார்த்து அப்படிக் கேட்டோமா?

அவருடைய வழக்கம் இன்னொன்று. முன்னால் போகிற காரைத் துரத்திக் கேமராவைத் திருப்பவே மாட்டார். “வண்டி வரும், போவும். கேமரா நிக்கணும்” என்பார். மூன்று கால் ஸ்டாண்டை வளைவில் ஊன்றிவிட்டு, எது வந்தாலும் அசைய மாட்டார். இந்தப் பிடிவாதத்தை நான் எதற்காகச் சொல்கிறேன் என்று உங்களில் சிலருக்குப் புரிந்திருக்கும். தௌசிப்புக்குப் புரிந்திருக்கும். கடைசி வரிசையில், வாசல் பக்கம் நிற்கிறார். வந்ததற்கு நன்றி, தௌசிப்.

சம்பத் சீட்டு அனுப்பியிருக்கிறார், ஐந்து நிமிடம் என்று. மன்னிக்க வேண்டும் சம்பத். ஐந்து நிமிடத்தில் முடியாது. நாலு வருடமாகத் தள்ளிப் போட்டது இது.

2006 பிப்ரவரியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நடந்த போட்டி உங்களுக்கெல்லாம் தெரியும். நம் சங்கமும் வேறு இரண்டு சங்கங்களும் சேர்ந்து நடத்தியது. நான்காம் வளைவில் கொடி மார்ஷல் யார்? நான். முன்னால் ஒரு கார் மாட்டி நின்றால், பின்னால் வருகிறவர்களுக்கு மஞ்சள் கொடி காட்டி எச்சரிப்பது என் பொறுப்பு. ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் சிக்னல் பிரிவில் இருந்தவன் என்பதால் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வளைவுக்கு இந்தப் பக்கம் நான். எனக்கு நாற்பதடி பின்னால் ஜலாலின் கேமரா.

ஏழாவது சுற்றில் சூர்யா என்கிற இளைஞரின் எஸ்டீம் கார் வளைவைத் தாண்டியதும் சுழன்று, தடத்துக்குக் குறுக்கே நின்றது. அடுத்து வந்த கார் தௌசிப்புடையது. வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கார் அவர் கண்ணுக்குத் தெரியாது. முழு வேகத்தில் வந்து மோதினார். சூர்யாவுக்கு இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. பிற்பாடு நன்றாக நடந்தார், இப்போது வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார்.

அன்று மாலை போட்டிக் கமிட்டி என்னைக் கேட்டது. கொடி காட்டினீர்களா? காட்டினேன் என்றேன். தௌசிப், நான் கொடியே பார்க்கவில்லை என்று தலையிலடித்துக்கொண்டு சொன்னார். யார் பேச்சு எடுபடும்? இருபத்திரண்டு வயதுப் பையன் பேச்சா, முப்பத்தொரு வருடம் சிக்னல் பார்த்தவன் பேச்சா?

மறுநாள் பிற்பகல் ஜலால் சேலையூரில் என் வீட்டுக்கு வந்தார். கேமராவும் வயரும் கையில். என் மனைவி ஞானசௌந்தரி டீ கொண்டுவந்தாள். அவர் கப்பைத் தொடவில்லை.

“சார், ஒண்ணும் சொல்லாதீங்க. மொதல்ல பாருங்க” என்று டிவியில் ஓட விட்டார்.

திரையின் இடது ஓரத்தில் நான் நிற்கிறேன். வலது பக்கம் சூர்யாவின் கார் சுழன்று நிற்கிறது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. என் முகம் நேர் ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே முதலிடத்துக்கு இரண்டு கார்கள் ஒட்டி உரசி ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ஷலாக இல்லை, ரசிகனாக. சூர்யா நின்றதற்கும் தௌசிப் வந்ததற்கும் நடுவே ஒன்பது வினாடி. அந்த ஒன்பது வினாடியும் கொடி என் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. மோதிய பிறகுதான் அது மேலே போகிறது.

ஆம். கொடியை நான் காட்டவில்லை. தௌசிப் மேல் தவறு இல்லை. ஒரு துளியும் இல்லை.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

அன்று நான் ஜலாலிடம் என்ன சொன்னேன்? “அழிச்சிடு ஜலால்” என்றேன்.

“அழிக்க மாட்டேன் சார்” என்றார். குரலை உயர்த்தவில்லை. “ஊருக்குப் போட்டுக் காட்டணும்னும் எனக்கு ஆசையில்ல. நீங்களே போயி சொல்லிடுங்க. தப்பாயிடுச்சு, பாக்கலன்னு. யாரும் உங்கள ஜெயில்ல போட மாட்டாங்க. வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சிட்டு நான் கமிட்டிக்குப் போவேன். அதுக்குள்ள நீங்க போயிட்டா, என் கேசட்டுக்கு வேலையே இல்ல.”

நான்கு நாள் கொடுத்தார். அந்த நான்கு நாளில் நான் போனேனா? போகவில்லை. வியாழக்கிழமை கமிட்டியில் இருந்த நான்கு பேருக்குப் போன் செய்தேன். “கல்யாண வீடியோவில் ரோஜாப்பூ பறக்க விடுகிறவருக்கு, ஒரு கொடியை மறைக்கத் தெரியாதா?” என்று கேட்டேன். நான்கு பேரிடமும் இதே வார்த்தை. அதோடு நிறுத்தினேனா? “தௌசிப் அவங்க ஆளு, அதான் அவர் வந்து நிக்கிறார்” என்றும் சொன்னேன். அதுவரைக்கும் பதினொரு வருடத்தில் ஒரு பெருநாள்கூட அவர் வீட்டு பிரியாணி என் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. என் மகள் கல்யாணத்தை அவர்தான் எடுத்தார். அவரைப் பற்றி அந்த வார்த்தையை நான் சொன்னேன். சித்திகா அம்மா, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் இந்த மேஜையைப் பார்த்துச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவர் கேசட்டோடு போனார். கமிட்டி பார்த்தது. வீடியோவை நம்ப முடியாது என்று தீர்மானம் போட்டது. தௌசிப்புக்கு இரண்டு வருடம் தடை. அந்த வருடம் அவருக்கு ஒரு பெரிய அணியில் இடம் கிடைக்கவிருந்தது, அது போயிற்று. அதற்கப்புறம் அவர் பந்தயத்துக்கே வரவில்லை.

ஜலாலுக்கு? உள்ளே போய்ப் படமெடுக்க அனுமதிச் சீட்டு நின்றுபோயிற்று. கேசட்டில் கைவைக்கிறவர் என்று பெயர். நம் சங்கத்திலேயே சிலர் அவர் கடைப் பக்கம் போவதை நிறுத்தினீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பினீர்கள். அவர் என்ன செய்தார்? வேலிக்கு வெளியே, புதர் மண்டிய காலி நிலத்தில் தன் ஆம்னி வேனை நிறுத்தி, அதன் கூரை மேல் ஸ்டாண்டை ஊன்றினார். வெயிலில் நிகத் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். மூன்றரை வருடம், ஒரு போட்டி விடாமல், அந்தக் கூரை மேலிருந்து எடுத்தார். பிரேக் போடுகிற இடம் அங்கிருந்து பாதிதான் தெரியும். அந்தப் பாதியை எடுத்தார்.

என்னைப் பற்றி யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னாரா? இங்கே இருக்கும் யாரிடமாவது? கேட்டிருந்தால் கை தூக்குங்கள்.

ஒருமுறை தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் எதிரே வந்தார். ஒதுங்கப் பார்த்தேன். கூட்டத்தில் முடியவில்லை. “சார், ஒரிஜினல் கேசட் பத்திரமா கீது” என்றார். “எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்குங்க.” மிரட்டுகிறார் என்று நினைத்தேன். அது மிரட்டல் இல்லை என்று இப்போது தெரிகிறது. கதவைத் திறந்து வைத்திருக்கிறேன், வா என்றார். நான் போகவில்லை.

போன மாதம், தீபாவளிக்கு முதல் நாள், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய லென்ஸ் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயது. அடக்கம் செய்ய எடுத்துப் போன ஜனாஸாவில் கடைசி ஆளாக நின்றேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

போன வாரம் நிகத் என் வீட்டுக்கு வந்தாள். “அம்மா சொல்லி அனுப்பினாங்க. இரங்கல் கூட்டத்துல நீங்கதான் பேசணுமாம்” என்றாள்.

“நானாம்மா?” என்றேன்.

“அத்தாவப் பத்தி ஊர்ல அதிகமா பேசினது நீங்கதானே அங்கிள். இப்பவும் நீங்களே பேசுங்க.”

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். இன்று காலை ஊரப்பாக்கத்துக்கு ரயில் ஏறினேன். தௌசிப்பின் கார் பட்டறைக்குப் போனேன். ஒரு காருக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

“என்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. மைக்குல சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன், தௌசிப்.

இது மன்னிப்புக் கேட்கிற மேடை இல்லை என்று எனக்குத் தெரியும். ஜலாலின் புகழைப் பேசுகிற மேடை. ஆனால் அவர் மேல் நான் பூசியதைத் துடைக்காமல் என்ன புகழ் பேசுவது? கல்யாண வீடியோவில் அவர் ரோஜாப்பூவைப் பறக்க விட்டார், உண்மை. பந்தயக் கேசட்டில் ஒரு ஃபிரேமைக்கூட அவர் தொட்டதில்லை. தன் வாழ்நாளில் ஒரு வேகமான காரை அவர் ஓட்டியதில்லை. ஆனால் வேகத்தை அவரைப் போல நேர்மையாகப் பார்த்தவர் நம்மில் ஒருவரும் இல்லை. என் வாயால் அவருக்கு வந்த கெட்ட பெயரை என் வாயாலேயே இந்தச் சபையில் எடுக்கிறேன்.

இனி செய்ய வேண்டியது. நான்காம் வளைவில் நடந்ததை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நாளை காலை பத்து மணிக்குக் கமிட்டி அலுவலகத்தில் நானே கொடுக்கிறேன். தௌசிப் மேல் போட்ட தீர்மானத்தை எழுத்தில் ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கூட வருகிறவர்கள் வரலாம்; யாரும் வராவிட்டாலும் போவேன். நான் வகிக்கும் சங்கத் தலைவர் பதவியை இந்த நிமிடத்தோடு விடுகிறேன். சம்பத், விலகல் கடிதம் உங்கள் மேஜையில் இருக்கிறது.

ஜலால் வீட்டில் நானூறுக்கு மேல் கேசட்டுகள் இருக்கின்றன. சோழவரத்தில் தொடங்கி ஆம்னி கூரை வரைக்கும். ஈரத்தில் பூஞ்சை பிடிப்பதற்குள் அத்தனையும் டிஸ்க்கில் ஏற வேண்டும். பிள்ளைகளே, கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் ஞாயிறுதோறும் வாருங்கள். அவர் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைப் படக்காட்சியும் நிற்காது. இது இந்தச் சபையின் முன் நாம் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் உறுதி.

வருகிற ஜனவரியில் அடுத்த போட்டி. அத்தாவின் கேமராவைத் தான் எடுத்துப் போகப் போவதாக நிகத் சொல்லியிருக்கிறாள். வேலிக்கு உள்ளே நின்று எடுக்க அவளுக்கு அனுமதி வாங்கும் வரைக்கும் நான் அந்த அலுவலக வாசலை விடப் போவதில்லை. மேடை ஏறுவதற்கு முன்னால் அவளிடம் ஒன்று கேட்டேன். அந்த மூன்று கால் ஸ்டாண்ட் கனமானது, நான் தூக்கி வரட்டுமா அம்மா என்று.

அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை. சித்திகா அம்மா, நிகத், தௌசிப், உங்கள் மூவருக்கும் முன்னால் தலை வணங்கி இறங்குகிறேன்.