மச்சான் வீட்டு நீதிபதி

எனக்கு நாய் என்றாலே ஆகாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது, இன்ஸ்பெக்டர். தப்பு. தெருவில் நாய் படுத்திருந்தால் அதன் தூக்கம் கெடாமல் சுற்றிக்கொண்டு போகிறவன் நான். மச்சான் வீட்டு நாயோடுதான் கொஞ்சம் கருத்து வேறுபாடு.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பவர், அந்த வாயிலிருந்து வருகிற பேச்சை மட்டும் நம்பமாட்டார். நாயைக் கேட்பார். "நாம சிரிப்பப் பாக்குறோம் மாப்பிள்ளை. அது ஆளோட குணத்தையே பாக்குது" என்பார். அவர் வீட்டில் வேலைக்கு ஆள் எடுத்தால் நாய்தான் நேர்முகத் தேர்வு நடத்தும். தண்ணீர்க் கேன் போடுகிறவர்கள் இரண்டு பேர் அதில் தேறாமல் போனார்கள். மனதுக்குள் நான் அதற்கு நீதிபதி என்று பெயர் வைத்திருந்தேன்.

நானும் முதல் நாளே தேறவில்லை. காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. லேசாகக் காலால் ஒதுக்கினேன். உதைத்தேன் என்று மச்சான் சொல்வார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தே பழகிய கண். அன்றிலிருந்து மூன்று வருடம், நான் படியேறினாலே உறுமல். லிஃப்ட் பராமரிப்பு என் தொழில், கையில் கிரீஸ் வாடை அடிக்கும், அதனால்தான் என்று எடுத்துச் சொன்னேன். "என் கார் மெக்கானிக் கையிலயும் அதே வாடைதான். அவர் மடியில ஏறிப் படுத்துக்குதே" என்றார். நாயின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம். அது என் மனைவியின் முழங்கையை முகர்ந்தது. அங்கே கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது. முகர்ந்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டியது. மச்சான் நாயைப் பார்த்தார், தங்கையின் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று அவள் சொன்னாள். நன்றாகவே சொன்னாள், சொல்லிக்கொடுத்தபடியே. படித்த மனிதர் அதோடு விட்டிருக்க வேண்டும்.

"தங்கச்சி இனிமே இங்கயே இருக்கட்டும். அடுத்த வாரம் நானே வந்து கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

"நாய் சொல்லிச்சுங்கிறதுக்காகவா?"

"அது சொல்லித்தான் எனக்கு உறைச்சுது மாப்பிள்ளை. மூணு வருஷம் நான்தான் முட்டாளா இருந்துட்டேன்."

ஒரு குடும்பம் நாயின் பேச்சைக் கேட்டுப் பிரிவதா? நீங்களே சொல்லுங்கள். அவளுக்குத் தனியாக ஒரு முடிவும் எடுக்கத் தெரியாது. எந்தப் புடவை, எந்த நேரத்தில் சாப்பாடு, யாரிடம் எத்தனை நிமிஷம் போனில் பேசுவது, எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவளை அங்கே கொண்டுபோய் விட்டால் என்ன ஆவாள்? கைவிட எனக்கு மனசு வரவில்லை.

மச்சான் குடியிருந்தது ஐந்தாவது மாடி. பழைய லிஃப்ட், கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் திறக்கிற கதவு. பெட்டி வந்து நின்றால்தான் அந்தக் கதவு திறக்க வேண்டும். அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. அதைச் சரிபார்ப்பது என் வேலை. அவர் கூட்டிப்போக வருவதாகச் சொன்ன வாரம் சரிபார்க்கவில்லை என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். சரி, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே செய்தேன்.

விடிந்ததும் நாயோடு நடக்கப் போவது அவர் வழக்கம். நான் மேல்படியில் நின்றிருந்தேன். அவர் காதில் போன், கையில் நாய்ச் சங்கிலி. கதவை இழுத்துத் திறந்தார். பெட்டி வந்திருக்கவில்லை. நாய் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நகரமாட்டேன் என்றது. குரைத்தது, பின்னுக்கு இழுத்தது. அவர் அதன் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "லிஃப்ட்டுதான்டா, புதுசா பாக்குற மாதிரி பண்றியே, வா" என்று சங்கிலியைப் பிடித்து இழுத்தபடி ஓர் அடி பின்னால் வைத்தார். மனுஷன் விஷயத்தில் நாயை அப்படி நம்பியவர், கதவு விஷயத்தில் நம்பவில்லை. சங்கிலி அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. நாய்க்கு ஒரு கீறலும் இல்லை. அதில் எனக்கும் நிம்மதிதான், நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

இப்போது அது எங்கள் வீட்டில் இருக்கிறது. மனைவி பிடிவாதமாகக் கூட்டிவந்தாள். உறுமுவதை நிறுத்திவிட்டது. அவள் காலடியில் படுத்துக்கொண்டு, நான் எழுந்தால் எழுந்திருக்கிறது, உட்கார்ந்தால் உட்காருகிறது, என்மேல் வைத்த கண்ணை எடுப்பதில்லை. ஒருவழியாக என்னைப் புரிந்துகொண்டுவிட்டது. மச்சான் இருந்து பார்த்திருந்தால் தன் கருத்தை மாற்றிக்கொண்டிருப்பார்.

அன்று காலை நான் கருவிப் பையோடு கிளம்பியதைச் சொன்னது அவள்தான் என்கிறீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றும் சொல்கிறீர்கள். நம்ப முடியவில்லை. என்னைக் கேட்காமல் அவள் வாசல்படி தாண்டியதில்லை. யாரோ மிரட்டிச் சொல்ல வைத்திருக்கிறார்கள், பாவம். ஒரு நிமிஷம் உள்ளே அனுப்புங்கள். நான் முகத்தைப் பார்த்துக் கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாள்.

நாயை மட்டும் வெளியே கட்டிவிடச் சொல்லுங்கள்.