வியாழக்கிழமை பல்செட்

வேலை கேட்டுப் போன இடத்தில் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெங்களூர் அடுகோடியில் ஏறி, பொம்மனஹள்ளி போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றேன். வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்திருந்த ஒரு பெண், சீட்டில் இருந்த பெரியவரிடம் குனிந்து சொன்னாள்.

"உங்க வாயில ஒரு பல்லுகூட இல்லாதது என் அதிர்ஷ்டம் அங்கிள்."

அவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். "இத இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லம்மா."

"வியாழக்கிழமை எக்ஸாமினர் முன்னாடி உங்களுக்குப் பல்செட் மாட்டிக் காட்டணும். மத்தவங்களுக்குச் சொந்தக்காரங்களே பேஷண்டா வராங்க. எனக்கு இந்த ஊர்ல யாரும் இல்ல. போன தடவ என் பேஷண்ட் சொல்லாம ஊருக்குப் போயிட்டாரு, பரிச்சயில ஃபெயிலாகி ஆறு மாசம் போச்சு. அதான் உங்க ரூமப் பாத்து வச்சுக்க வரேன். அன்னிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"நான் எங்கம்மா போகப்போறேன்? பேக்டரில வாட்ச்மேன்னுதான் கூப்பிடறாங்க. உங்க பல் டாக்டர் காலேஜ்லதான் முனுசாமின்னு பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க."

"அப்ப கண்டிப்பா வருவீங்க?"

"வரேன். பரிச்ச முடிஞ்சதும் பல்லத் திருப்பி வாங்கிக்குவீங்களா?"

"ஐயோ, அது உங்களுக்கேதான்."

"அப்புறம் நான் வர வேணாமா?"

"வேணாம் அங்கிள். வலிச்சா மட்டும் வாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் இரண்டு ஸ்டாப் தாண்டியது.

"வலிக்கும்மா" என்றார்.

"இன்னும் மாட்டவே இல்லியே!"

"இல்லம்மா. வலிக்கும்."