செத்த பக்கம்

பிரிஞ்சாங் டவுனில் இண்டர்நெட் நன்றாகவே வருகிறது, சார். எங்கள் தோட்டத்து லய வீடுகளில்தான் மழை இறங்கினால் போய்விடும். அதனால் எதையும் நிதானமாக எழுதிப் பழகியவன் நான். இதையும் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் சிவசாமி. தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் கிராணி. மலையேறுவதிலும் காட்டுப் பூக்களிலும் கிறுக்குப் பிடித்த ஏழு பேர் ஆளுக்கொரு இணையப் பக்கம் வைத்திருக்கிறோம். அவற்றை ஒரு வளையமாகக் கோத்தவன் நான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘முந்தையது’, ‘அடுத்தது’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். பூக்கடை புவனேஸின் ஆர்க்கிட் பக்கத்தில் தொடங்கி ‘அடுத்தது’ என்று அமுக்கிக்கொண்டே போனால், பறவைகள், பாசிகள், என் தோட்ட வரைபடங்கள் எல்லாம் பார்த்துவிட்டு மறுபடி புவனேஸிடமே வந்து சேரலாம். எங்களை யாரும் கூகுளில் தேடி வருவதில்லை. ஒரு வீட்டுக்கு வந்தவரை அடுத்த வீட்டுக்கு வழியனுப்புகிற வேலைதான் அது. பதினோரு வருடம் நான் பார்த்துக்கொண்டேன்.

தினேஸ்வரன் தானா ராத்தாக்காரன், கடைசியாகச் சேர்ந்தவன். நல்ல மாதிரிதான். வந்த ஆறாம் மாதமே ஒரு விதி கொண்டுவந்தான். மூன்று மாதம் புதிதாக எதுவும் போடாத பக்கத்தை வளையத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க லா. ஒங்க பக்கத்துல ரெண்டு வருஷமா ஒண்ணுமே இல்ல. செத்த பக்கம் நடுவுல இருந்தா ஆளுங்க அங்கயே நின்னுடறாங்க” என்றான்.

செத்த பக்கம் என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் விதி விதிதான். புதிதாக ஒன்று எழுதினேன்.

‘பழைய பதினாலாம் நம்பர் மலை. கடைசி நிரையைத் தாண்டி நேராகப் போனால் வெள்ளை ஆர்க்கிட்.’ எங்கள் தோட்டத்தில் தேயிலை மலைகளுக்கு நம்பர்தான் பெயர். முன்பிருந்த மேனேஜர் துரை ஒருவர் நம்பர்களை மாற்றிவைத்ததில் பதினாலு இரண்டாகிவிட்டது. பழைய பதினாலு லயத்துக்குப் பின்னால், மாடுகூட ஏறும் சரிவு. புதுப் பதினாலில் போன மழைக்கு மண் சரிந்து, கடைசி நிரைக்கு அப்பால் வெறும் பள்ளம். மேலே பெரணிச் செடி மூடி, பள்ளம் தெரியாமல் கிடக்கிறது. தோட்டத்து ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை. 14 என்ற போர்டு மட்டும் அங்கே நிற்கிறது. பழையதற்குப் போர்டு இல்லை.

பக்கத்தில் ஏற்றும்முன் ‘பழைய’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். பொய்யாக ஒரு வார்த்தை எழுதவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, ஒரே பனி லா. பதினாலு போர்டு தெரியுது. கடைசி நிரைக்கு அப்புறம் நேராவா?”

“நேராப் போப்பா” என்றேன்.

பெரணி ஒடிகிற சத்தம் கேட்டது. ‘அண்ணே’ என்று ஒருமுறை கூப்பிட்டான். போனை வைத்துவிட்டு, என் பக்கத்தில் ‘பழைய’ என்ற சொல்லைத் திரும்பச் சேர்த்தேன்.

மாலையில் அவன் மனைவி சசிரேகா வந்தாள். “பதினாலாம் நம்பர்னு சொல்லிட்டுத்தான்ணே போனாரு. போனே போகல” என்றாள். கங்காணி காளியண்ணன் “எந்தப் பதினாலு?” என்று கேட்டார். என் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பழையது என்று தெளிவாகவே இருந்தது. இரண்டு நாள் பழைய பதினாலுக்குப் பின்னால் காட்டை அலசினோம். எல்லோருக்கும் முன்னால் நடந்தவன் நான். சசிரேகா தொண்டை கட்டும்வரை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் கேட்காது என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கொடுத்து, “கூப்பிடும்மா, கேக்கும்” என்றேன்.

மூன்றாம் நாள், ஓடைக் குழாய் பார்க்கப் போனவர்கள் புதுப் பதினாலின் அடியில் அவனைக் கண்டார்கள். இடுப்பு முறிந்திருந்தது. இரண்டு நாளும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். கைக்கு எட்டிய பெரணியையெல்லாம் பிடுங்கியிருந்தான்.

‘பழைய’ இல்லாத என் பக்கத்தைப் புவனேஸ் ஏற்றிய அன்றே அச்செடுத்து வைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அதனால்தானே போலீஸ் நீங்கள் வந்தீர்கள். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்றோடு அவன் பக்கத்தில் புதிதாக எதுவும் வராமல் மூன்று மாதம். அவன் விதிப்படியே அதை வளையத்திலிருந்து எடுத்தேன். அவர் எழுதினது அது ஒன்றுதானே இருக்கிறது, விட்டுவையுங்கள் என்று சசிரேகா அழுதாள். செத்த பக்கம் நடுவில் இருந்தால் ஆட்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள் என்று அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.