டர்போ போட்ட பிறகு

கீழ்நாட்டில் நன்றாக இழுக்கும் வேன் எங்கள் மலைக்கு வந்தால் கொஞ்சம் சோம்பிப்போகும். பெரகலச் சந்தியில் டீக்கடை வைத்திருப்பவருக்குக்கூட இது தெரியும். மேலே காற்று மெல்லியது. எஞ்சினுக்கு மூச்சுப் போதாது.

என் விமானத்துக்கும் அதுதான் நடந்தது. தெமோதரையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், பழைய வேன் எஞ்சினை வைத்து நானே கட்டியது. ஒருவர் உட்காரலாம். தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் பலமுறை நானே ஓட்டிப் பார்த்தேன். வால் தூக்கும், சக்கரம் தரையை விடாது.

"தம்பி, அப்புடியே ரோட்டுலயே பதுளைக்கு ஓட்டிட்டுப் போ. பஸ் காசாச்சும் மிஞ்சும்" என்பார் பக்கத்து லயத்து வீட்டுப் பெரியாயி அக்கா.

நான் மோட்டார் பொறியியல் படித்தவன். அந்தக் கேலி பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

எஞ்சினில் ஒன்றை மாற்றினால் அது அடுத்ததைக் கேட்கும். கார்புரேட்டரை மாற்றினேன், சூடேறியது. பெரிய ரேடியேட்டர் போட்டேன், எடை கூடியது. கூடிய எடையைத் தூக்க இன்னும் வலு வேண்டும். என் மனைவி கலாராணி தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அவளுடைய தோடு ரேடியேட்டரானது. சங்கிலி புரொப்பெல்லரானது. தாலியை நான் கேட்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

வாங்க மீதமிருந்தது டர்போ. மெல்லிய காற்றையும் அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். விற்க மீதமிருந்தது பாராசூட். விமானத்தையே ஆளோடு இறக்குகிற பாராசூட் அது. இருக்கைக்குப் பின்னால் ஒரு பையில் இருக்கும். தலைக்கு மேலுள்ள சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் விரியும். கட்டாரில் வேலை செய்யும் கலாராணியின் அண்ணன் புவனேந்திரன் வாங்கி அனுப்பியது.

"மாப்ள, பறக்குறது ஒங்க பாடு. எறங்குறது என் பாடு" என்று போனில் சிரித்தார்.

கொழும்பில் ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். வெறும் பை தொங்கிப்போய்த் தெரிந்தது. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் பழைய படங்குகளை மடித்து உள்ளே திணித்தேன். கைப்பிடியை அதன் இடத்திலேயே விட்டேன்.

கலாராணி என்னைவிட எடை குறைந்தவள். இருவரும் கம்ப்யூட்டரில்தான் பறக்கப் பழகியிருந்தோம். அதில் அவள் என்னைவிட நன்றாக இறக்குவாள். நீயே ஓட்டு என்றதும் சந்தோஷப்பட்டாள். பறக்கும் நாளன்று காலை, புது வாகனத்துக்குச் செய்வதுபோல் பூசை செய்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எஞ்சினுக்குச் சந்தனம். பிறகு அந்தப் பைக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

"எஞ்சின் ஒங்க சாமி. இது எங்கண்ணன்" என்றாள். ஏறி உட்கார்ந்ததும், "ஏங்க, பயந்துட்டேன்னா இழுத்துரட்டுமா? திட்ட மாட்டீங்களே?" என்று கேட்டாள்.

"இழு" என்றேன்.

அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?

டர்போ நன்றாக வேலை செய்தது. மைதானத்தில் பாதி போவதற்குள் சக்கரம் தரையை விட்டது. மைதானம் முடியும் இடத்தில் பள்ளத்தாக்கு. அதற்கு மேல் போனபோது கீழிருந்து வந்த காற்று ஒரு சிறகைத் தூக்கிச் சாய்த்தது. அவள் கை மேலே போவதைப் பார்த்தேன். பையின் மூடி திறந்தது. படங்குகள் ஒவ்வொன்றாகத் தேயிலையின் மேல் விழுந்தன. பிறகு விமானத்தோடு அவள்.

நான் எதையும் மறைக்கவில்லை. பாராசூட்டை விற்றது நான். படங்கைத் திணித்தது நான். இழு என்று சொன்னதும் நான்தான். நீ ஏன் ஏறவில்லை என்று கேட்கிறீர்கள். டர்போ போட்ட பிறகு அந்த எஞ்சின் என்னையும் தூக்கியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். ஆனால் பாராசூட் போன நாளிலிருந்து நான் அந்த இருக்கையில் உட்காரவில்லை, கொட்டகைக்குள்கூட. அவளை ஏற்றியது, அவள் எடை குறைந்தவள் என்பதால்தான்.