வெர்னாவுக்கு ஒரு கடைசி அழைப்பு

— அப்ப வெர்னாவுக்குக் கடைசி அழைப்பு கிடையாது. அதைச் சொல்லத்தான் காலங்காத்தால வந்தியா, லெஸ்டர்?

— கிடையாதுன்னு எங்க சொன்னேன், சீஃப்? உங்க கையிலதான் இருக்குன்னேன். பாருங்க, போலீஸ் சங்கத்துல எல்லாரும் உங்க மேல கொதிச்சுப் போயிருக்காங்க. தலைவன்னு நான் ஒருத்தன் என்னதான் பண்ண?

— இருபத்தாறு வருஷம் உங்க போலீஸ் ரேடியோவுல உட்கார்ந்தவ என் பொண்டாட்டி. நம்ம ஆள் எவன் செத்தாலும் கல்லறையில அவ குரல்தான். செத்தவனோட நம்பரை ரேடியோவுல மூணு தடவை சொல்லிக் கூப்பிடுவா. பதில் வராது. அப்புறம், பணி முடிஞ்சதுன்னு சொல்லுவா. உன் தம்பிக்கும் அவதான் கூப்பிட்டா.

— அதை ஏன் கிளறுறீங்க? நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. திங்கக்கிழமை கோர்ட்டுல நீல் கேஸுல சாட்சி சொல்லப் போகாதீங்க. போகலைன்னா சனிக்கிழமை ரேடியோ அழைப்பு, அணிவகுப்பு, எல்லாம் உண்டு. ஒஹாயோவுல பாதி ரோந்து வண்டி வரிசையா நிக்கும்.

— செத்தவளை வச்சுப் பேரம் பேசுறே.

— பேரமா? பாருங்க சீஃப், இது குடும்பம். யூனிஃபார்ம் போட்டவங்க எல்லாம் ஒரே குடும்பம்.

— ட்யூட்டி ஏறும்போது சொல்லிக்கிறீங்களே, 'இன்னிக்கு எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போகணும்'னு. அந்த 'எல்லாரும்' யாருடா? டாரியன் வெப் அதுல உண்டா? பின்விளக்கு எரியலைன்னு காரை நிறுத்தினான் நீல். லைசன்ஸை எடுன்னான். எடுக்கக் கையை நீட்டினதுக்குச் சுட்டுட்டான்.

— நீல் கெட்டவன் இல்ல சீஃப். பயந்துட்டான்.

— நானும் அதைத்தான் சொல்லப்போறேன். பயப்படத்தானே பயிற்சி? துப்பாக்கி பிடிக்க வாரக்கணக்கு, மனுஷனோட பேசக் கத்துக்க ஒரே ஒரு மத்தியானம். கார்ல இருக்கறவன் ஒவ்வொருத்தனும் உன்னைக் கொல்லத்தான் காத்திருக்கான்னு படம் போட்டுக் காட்டுறீங்க. சுட்டுட்டு வந்தா, முதல்ல கேமராப் பதிவைப் பார்த்துட்டு, அதுக்குப் பொருந்துற மாதிரி வாக்குமூலம் குடுக்கலாம்னு சங்கம் எழுதி வாங்கியிருக்கு. ஒரு திருடனுக்கு அந்த வசதி குடுப்பியா, லெஸ்டர்?

— அடேங்கப்பா, டிவியில பேசின அதே பேச்சு! அதைப் பேசினதுலேருந்து யாராவது இந்த வாசல்ல கால் வச்சாங்களா? நம்ம ஆள் வீட்டுல சாவுன்னா மறுநாளே ஆளாளுக்கு கேசரோல்னு சமைச்ச சாப்பாட்டைக் கொண்டுவந்து குவிப்பாங்க. பிரிட்ஜை மூட முடியாது. எங்க, உங்க பிரிட்ஜைத் திறந்து காட்டுங்க பார்ப்போம்.

— பால் இருக்கு. அவ வாங்கி வச்ச கடுகு சாஸ் இருக்கு.

— பாருங்க, இந்த வீம்புதான். வாய் திறந்து சொல்லுங்க, அந்த அழைப்பு உங்களுக்கு வேணுமா வேணாமா?

— வேணும். ரொம்ப வேணும். செவ்வாய்க்கிழமையிலேருந்து இந்தச் சமையல்கட்டுல அவளை நான் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். இனிமே பதில் வராதுன்னு வேற யாராவது சத்தமா சொன்னா, ஒருவேளை நிறுத்திடுவேன்.

— அப்ப உடம்பு முடியலைன்னு சொல்லிடுங்க. பொண்டாட்டியைப் பறிகுடுத்த மனுஷன். ஜட்ஜ்கூட ஒண்ணும் கேக்கமாட்டார்.

— திங்கக்கிழமை நான் போறேன், லெஸ்டர்.

— போங்க. உங்க இஷ்டம். நீல் ரெண்டு நாளா சங்கக் கட்டடத்துக்குப் பின்னால கார்லயே உட்கார்ந்திருக்கான். யார் கூடவும் பேசலை. இப்ப போய் அவன்கிட்ட நான் என்ன சொல்றது?

— நான் போன் பண்ணா எடுக்கமாட்டேங்கிறான். நீ சொல்லிடு. சனிக்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம். பெட்டியைத் தூக்கறதுல முன்னால வலப்பக்கம் அவனுக்குத்தான் விட்டு வச்சிருக்கேன். அப்பன் என் மூஞ்சியை அவன் பார்க்க வேணாம். அம்மாவை வந்து தூக்கட்டும்.