வராத செவலை

நந்தகோபால்: வரலன்னா வரல... விட்டுத்தள்ளுலே ஜெயபாண்டி. நேத்துக் காலையில ஆந்திரா ஓங்கோல்ல பந்தயத்துக்கு எல்லாத்தையும் ஒண்ணாத்தான தொறந்து விட்டாவ? மத்தவன் புறாவெல்லாம் பொழுது சாயுமுன்ன கூண்டுக்கு வந்துட்டு. செவல மட்டும் எங்க போச்சாம்?

ஜெயபாண்டி: நான் என்ன அழவா செய்யுதேன் அண்ணாச்சி?

வனிதா: டீய எடுத்துக்கோங்க அண்ணாச்சி, ஆறிப்போவுது.

நந்தகோபால்: வை தாயி. ஒன் வீட்டுக்காரனப் பாரு... மொட்டமாடிய செக்கு மாடு மாதிரி சுத்துதான்.

வனிதா: நீங்க மட்டும்? வந்ததுலேர்ந்து மில்லு சிம்னிப் பக்கமே பாத்துக்கிட்டு...

நந்தகோபால்: எனக்குக் கழுத்துச் சுளுக்கு.

வனிதா: வடக்க பாத்து மட்டும் சுளுக்குமோ?

ஜெயபாண்டி: ஏட்டி, சும்மா இரு.

நந்தகோபால்: பேசட்டும்லே. செவலையில எனக்கும் பாதிப் பங்கு உண்டுல்லா. ஆனா ஒண்ணு சொல்லுதேன் தாயி... பந்தயத்துக்கு விட்டு வராத புறா, புறாவே இல்ல. அது பேரக்கூட நாங்க சொல்ல மாட்டோம்.

வனிதா: வழியில வல்லூறு அடிச்சிருந்தா? கரண்டு கம்பியில மாட்டியிருந்தா... அது என்ன செய்யும் பாவம்?

நந்தகோபால்: நல்ல புறா தப்பிச்சு வரும்.

வனிதா: அடிபட்டு, பிந்தி வந்து சேந்தா?

நந்தகோபால்: அது இன்னும் மோசம். றெக்க போனது இனிப் பந்தயத்துக்கு ஆவாது. தீனியத் தின்னுட்டு மூலையில கிடக்கும். சோடி சேத்தா குஞ்சும் அப்பிடியே. கழுத்தத் திருகிர வேண்டியதுதான்... என்னலே?

ஜெயபாண்டி: ஆமா... ஆமா அண்ணாச்சி.

வனிதா: ஆமாவா?

ஜெயபாண்டி: பின்ன? புறா வளக்கோமா, ஆஸ்பத்திரி நடத்துதோமா?

வனிதா: நல்லாருக்கு ஒங்க நியாயம்...

நந்தகோபால்: இரு, இரு... கீழ வீட்டுக்குள்ள என்னமோ குனுகுதே. புறாச் சத்தம்லா?

வனிதா: அது... மிக்ஸி.

நந்தகோபால்: நீ இங்கன நிக்க, மிக்ஸி தானா ஓடுதாக்கும்?

ஜெயபாண்டி: மோட்டாரு அண்ணாச்சி! தண்ணி ஏறலன்னா அப்பிடித்தான் முனங்கும். வனிதா, போய் நிறுத்து... ஓடு!

நந்தகோபால்: நான் வேணா எறங்கிப் பாக்கட்டுமா?

ஜெயபாண்டி: வேண்டாம்... வேண்டாம். ஷாக் அடிக்கும்.

நந்தகோபால்: நீ ஏம்லே பதறுத? சரி, கெளம்புதேன். சாத்தூர்ல புறா வளக்குத பயலுவகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அங்கன எவன் கூண்டுலயாச்சும் எறங்கியிருந்தா போன் போடுவானுவ.

ஜெயபாண்டி: பேரக்கூடச் சொல்லக் கூடாதுன்னிய?

நந்தகோபால்: கால் வளையத்து நம்பரத்தாம்லே சொன்னேன்... பேரச் சொல்லல. வாரேன்.

வனிதா: நிறுத்திட்டேன்... அண்ணாச்சி போயிட்டாவளா?

ஜெயபாண்டி: தெரு முக்கு திரும்பியாச்சு.

வனிதா: கூண்டுக் கதவ எதுக்கு அடைக்குதீங்க?

ஜெயபாண்டி: இனி எதுக்குத் தொறந்து கிடக்கணும்?

வனிதா: ஒண்ணு கேக்கட்டா? போன வருசம் அந்த நீலப் புறாவுக்குக் காலு ஒடிஞ்சப்ப... நீங்க திருகுனீங்கள்ளா. இப்பவும் அப்பிடித்தானா?

ஜெயபாண்டி: ஏன் கேக்குத?

வனிதா: சும்மாத்தான்... அதுக்கப்புறம் சோறு எறங்காமக் கிடந்தீங்க. நான் பாத்தேன்.

ஜெயபாண்டி: அத விடு... அரிசி டிரம்முக்குப் பின்னால தண்ணி வச்சியா?

வனிதா: என்ன தண்ணி? யாருக்கு?... ஏங்க... ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?

ஜெயபாண்டி: விடியக்காலம் நான் பால் வாங்கிட்டு வாரதுக்குள்ள அதத் தூக்கிட்டுக் கீழ ஓடிட்ட. சரி... மாடி பூரா சொட்டிக் கிடந்த ரத்தத்த அண்ணாச்சி கண்ணுல படுமுன்ன யாரு கழுவிவிட்டான்னு நெனச்ச?